கலியாணப் படமும் கம்பியில்லாத பிளாஷும்

கொட்டாஞ்சேனையில் சிறிய ஸ்டூடியோ நடத்தும் ஒரு தம்பி சென்ற மாதம் நமது கடைக்கு வந்தார். கலியாண சீசன் நெருங்குகிறது, கையில் இரண்டு இலட்சம் ரூபா இருக்கிறது. "நானா, பிளாஷைக் கெமராவில் வைக்காமல் தூரத்தில் வைத்து அடிக்க வேண்டும். வயர்லெஸ் ட்ரிகர் எது நல்லது?" என்று கேட்டார். கூட்டாளி ஒருவர் ஒன்றைச் சொல்லியிருக்கிறார், வெள்ளவத்தையில் விசாரித்த இடத்தில் வேறொன்றைச் சொல்லியிருக்கிறார்கள். தம்பி குழம்பிப் போயிருந்தார்.

நான் படம் பிடிப்பவன் அல்லன், சாமான் விற்பவன். என்றாலும் இந்தச் சாமானில் ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதால், அவருக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன். ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கும், கெமரா உபகரணங்கள் விற்பவர்களுக்கும், இனி விற்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இது உதவக்கூடும்.

முதலில் விஷயத்தை விளங்கிக்கொள்வோம். பிளாஷ் கெமராவின் தலையில் இருந்தால் வெளிச்சம் நேராக முகத்தில் அடிக்கும். முகம் சப்பையாகவும் நெற்றி மினுங்கலாகவும் தெரியும், பின்சுவரில் கறுப்பு நிழல் விழும். அதே பிளாஷை ஒரு ஸ்டாண்டில் ஏற்றி, குடை ஒன்றை மாட்டி, பக்கவாட்டில் வைத்தால் மணமகளின் உடுப்பில் உள்ள வேலைப்பாடு கூடத் துலங்கும். இன்று வாடிக்கையாளர் கேட்பது இந்தப் படத்தைத்தான். ஆனால் கெமராவின் ஷட்டர் திறக்கும் அதே கணத்தில் அங்கே நிற்கும் பிளாஷும் எரிய வேண்டுமே! அந்தச் செய்தியைக் கொண்டுபோவதுதான் ட்ரிகரின் வேலை.

செய்தியை வயரால் அனுப்பலாம், வெளிச்சத்தால் அனுப்பலாம், ரேடியோ அலையால் அனுப்பலாம். வயரைப் பற்றிப் பேசத் தேவையில்லை. பிள்ளைகள் ஓடித் திரியும் கலியாண மண்டபத்தில் வயர் இழுத்தவர், ஸ்டாண்ட் விழுந்த கதையை அவரே சொல்வார்.

வெளிச்சத்தால் அனுப்புவது மலிவு. ஒரு பிளாஷ் எரிவதைக் கண்டு மற்றது எரியும். ஆனால் வெள்ளவத்தை மண்டபமொன்றில் தாலி கட்டும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். மணவறையைச் சுற்றி நாலு பேர் பிளாஷ் அடிப்பார்கள். அவர்கள் அடிக்கும் ஒவ்வொன்றுக்கும் நம்முடைய பிளாஷும் சேர்ந்து எரியும். நமது ஆள் பட்டனை அழுத்தும்போது அது மின்சாரம் ஏறிக்கொண்டிருக்கும். நிக்கோனும் கெனனும் தங்கள் பிளாஷ்களுக்குச் செய்த பழைய வயர்லெஸ் முறைகளும் வெளிச்சத்தை நம்பியவைதான். அவற்றில் குறியீடு இருந்ததால் அந்நியனின் பிளாஷுக்கு ஏமாறவில்லை. ஆனாலும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். காலிமுகத் திடலில் பகல் வெயிலில் வைத்தால் தடுமாறும். நமது வீட்டுக் கலியாணங்களில் ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் நடுவில் திரை இருக்கிறது. கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயம் போன்ற பெரிய தேவாலயங்களில் தூண்கள் நிற்கின்றன. திரையையும் தூணையும் தாண்ட வெளிச்சத்தால் முடியாது. ரேடியோவால் முடியும்.

ரேடியோ ட்ரிகரில் நீண்ட காலம் பெயர் பெற்றிருந்தது அமெரிக்காவின் பொக்கட்விஸார்ட். நல்ல சாமான், ஆனால் விலை நமது ஸ்டூடியோக்காரர்களுக்கு எட்டாது. அதில் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அமெரிக்காவுக்கென்று செய்தவை 340 மெகாஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசையிலும், ஐரோப்பாவுக்கென்று செய்தவை 433 மெகாஹேர்ட்ஸிலும் வேலை செய்தன. பெயர் ஒன்று, தோற்றமும் ஒன்று, ஆனால் ஒன்றோடொன்று பேசாது. மச்சான் அமெரிக்காவிலிருந்து ஒன்றும், மகன் லண்டனிலிருந்து ஒன்றும் கொண்டுவந்தால் இரண்டும் மேசையில் சும்மா கிடக்கும். பழைய சாமான் கைமாறும்போது இன்றும் இதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். 2009ல் அதே கம்பனி புதிய மாதிரிகளை வெளியிட்டபோது, கெனனின் சில பிளாஷ்களே எழுப்பும் ரேடியோ இரைச்சல் அமெரிக்க அலைவரிசையைக் குழப்பி, தூரத்தைக் குறைத்துவிட்டது. பிளாஷுக்கு உறை போட்டுத்தான் சமாளித்தார்கள். விலை கூடிய சாமானுக்கும் இப்படி நடக்கும்.

இனி நமது கதை. 2008ல் ஹொங்கொங்கிலிருந்து பெயரில்லாத ட்ரிகர் 60 செட் கொண்டுவந்தேன். 433 மெகாஹேர்ட்ஸ், நான்கு சனல். அனுப்பும் பெட்டிக்குள் கேட் ரிமோட்டில் போடுகிற 12 வோல்ட் குட்டிப் பற்றரி. விலை மிகக் குறைவு, ஆகவே கைக்குக் கை போனது. மூன்றாம் மாதம் ஒரு ஸ்டூடியோக்காரர் கடைக்குள் வந்து, ஒன்றும் பேசாமல் அல்பம் ஒன்றை மேசையில் வைத்தார். நிக்காஹ் நேரம், மாப்பிள்ளையின் கையை மாமனார் பிடித்திருக்கிறார். ஏழு படம் அடித்திருக்கிறார், மூன்றில்தான் வெளிச்சம் விழுந்திருக்கிறது. அந்த மூன்றிலும் ஒன்றில் மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். பெண் வீட்டார் மிச்சப் பணத்தைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள்.

பிறகு சோதித்துப் பார்த்தேன். பற்றரி இறங்க இறங்க அந்தப் பெட்டி இரண்டுக்கு ஒன்று என்று செய்தியை விழுங்குகிறது. பற்றரி இறங்கியதைக் காட்டும் அடையாளம் எதுவும் அதில் இல்லை. கார் ரிமோட், கேட் ரிமோட் பலவும் அதே அலைவரிசையில் இருப்பதால், வாகனத் தரிப்பிடத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் கரைச்சல் இன்னும் கூடும். அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் கொடுத்தேன். 34 செட் என்னிடமே தங்கிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, அந்தக் காலத்தில் அன்டெனாவும் வயரும் உள்ள பெட்டியோடு காலி வீதிச் சோதனைச் சாவடியைத் தாண்டுவதே பெரும்பாடு. அதையும் பட்டு, நட்டத்தையும் பட்டோம்.

அதற்குப் பிறகு உலகம் 2.4 கிகாஹேர்ட்ஸுக்கு மாறியது. வைபை ஓடுகிற அதே அலைவரிசைதான். நாட்டுக்கு நாடு வேறு மாதிரி செய்ய வேண்டியதில்லை என்பது உற்பத்தியாளருக்கு வசதி. சீனாவின் யோங்னுவோ இதில் மலிவாக இறங்கியது. 2012ல் கெனன் தன்னுடைய 600ஈஎக்ஸ்-ஆர்டி பிளாஷுக்குள்ளேயே ரேடியோவைப் பொருத்தியது. ரேடியோ விதிகள் இடம்கொடாத நாடுகளுக்காக ரேடியோ இல்லாத 600ஈஎக்ஸ் என்ற மாதிரியையும் விற்றது. கடைசி இரண்டு எழுத்தைக் கவனிக்காமல் பழைய பிளாஷ் வாங்கியவர்கள் ஏமாந்தது இதனால்தான். நிக்கோன் 2016ல் எஸ்பி-5000 மூலம் ரேடியோவுக்கு வந்தது. இதற்கிடையே ஷென்சென் நகரத்துக் கோடாக்ஸ் கம்பனி, சிறிய பிளாஷ் தொடக்கம் ஸ்டூடியோ லைட் வரை எல்லாவற்றுக்குள்ளும் ஒரே ரேடியோவை வைத்து, பெரிய கம்பனிகளின் விலையில் ஒரு பங்குக்கு விற்கத் தொடங்கியது. இன்று கொழும்பில் கலியாணப் படம் எடுப்பவர்களிடம் அடிக்கடி காண்பது அந்தப் பெயரைத்தான்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: ட்ரிகரைத் தேர்ந்தெடுக்கவேண்டாம், குடும்பத்தைத் தேர்ந்தெடுங்கள். கெமராவின் தலையில் வைக்கும் சின்னப் பெட்டி ஒரு முறைச் செலவு. ஆனால் இனி அடுத்த பத்து வருடம் நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பிளாஷும் அந்தப் பெட்டியோடு பேசக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு கம்பனியின் ரேடியோ மொழி பெரும்பாலும் மற்றதற்கு விளங்காது. இரண்டு குடும்பத்தை வீட்டுக்குள் வைத்தவர், கலியாணத்துக்குக் கலியாணம் எந்தப் பிளாஷுக்கு எந்தப் பெட்டி என்று தேடிக்கொண்டிருப்பார். அடாப்டர் போலத் தனி ரிசீவர்களை மாட்டிச் சமாளிக்கலாம்தான். ஒவ்வொரு ரிசீவருக்கும் தனிப் பற்றரி, தனி ஸ்விட்ச். பற்றரி போடவோ ஸ்விட்சைப் போடவோ மறப்பதற்கு இடம் கூடுகிறது, அவ்வளவுதான். ரேடியோ உள்ளேயே உள்ள பிளாஷை வாங்குவது நல்லது.

விற்பனை செய்பவருக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கெமராவின் தலையில் வைக்கும் பெட்டி கெனனுக்கு வேறு, நிக்கோனுக்கு வேறு, சோனிக்கு வேறு, புஜிக்கு வேறு. ஆனால் கோடாக்ஸ் போன்ற முறையில், தூரத்தில் நிற்கும் பிளாஷுக்கு எந்தக் கம்பனிக் கெமரா என்ற பேதம் இல்லை. கெனனுக்கென்று வாங்கிய பிளாஷ், சோனியின் பெட்டிக்கும் கீழ்ப்படியும். ஆகவே முதலைப் பிளாஷில் போடலாம், தலைப்பெட்டியில் அளவாகப் போட வேண்டும். இரண்டாம் படப்பிடிப்பாளர் வேறு கம்பனிக் கெமராவோடு வருகிற ஸ்டூடியோக்களுக்கும் இது பெரிய வசதி.

தலைப்பெட்டி விற்குமுன் வாடிக்கையாளரின் கெமராவைக் கையில் வாங்கிப் பாருங்கள். கெனன் 2018, 2019 காலத்தில் வெளியிட்ட சில மலிவு மாதிரிகளில், நமது பக்கம் 1500டீ, 3000டீ, 200டீ மார்க் 2 என்று விற்றவற்றில், பிளாஷ் மாட்டும் இடத்தின் நடுவில் இருக்க வேண்டிய முள் இல்லை. அந்த ஒரு முள்ளை நம்பி வேலை செய்யும் சாதாரண ட்ரிகர்கள் அவற்றில் எரியவே எரியா. கெனனின் மொழி தெரிந்த, அந்தக் கெமராவுக்குப் பொருந்தும் என்று உறுதியாகத் தெரிந்த ட்ரிகர்தான் வேண்டும். இதைக் கவனிக்காமல் பத்து ட்ரிகர் விற்றால் பத்தும் திரும்பி வரும்.

டீடீஎல் வேண்டுமா, மெனுவல் போதுமா என்ற கேள்வியும் வரும். டீடீஎல் என்பது கெமராவே வெளிச்சத்தை அளந்து பிளாஷின் பலத்தைத் தீர்மானிப்பது. மேடையில் ஒரே இடத்தில் நூறு குடும்பம் ஏறி இறங்கும் படங்களுக்கு அது தேவையில்லை. ஒரு முறை பலத்தைச் சரிசெய்தால் கடைசி வரை அதே அளவு. டீடீஎல்லில் விட்டால், வெள்ளை ஜுப்பா வந்ததும் ஒரு அளவு, கறுப்புக் கோட் வந்ததும் இன்னொரு அளவு என்று மாறும். மாப்பிள்ளையின் பின்னால் ஓடித் திரிபவருக்கு டீடீஎல் உதவும். முதல் குறைந்தவர் மெனுவல் பிளாஷ்களை வாங்கி, தலைப்பெட்டியை மட்டும் நல்லதாக வாங்கலாம்.

ஷட்டர் வேகத்தையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான கெமராக்களில் பிளாஷுக்கான வேகம் 1/200 அல்லது 1/250 செக்கன் வரைதான். அதாவது முழுக் காரியமும் நான்கு, ஐந்து மில்லி செக்கனுக்குள் முடிய வேண்டும். மந்தமான ட்ரிகர் அதிலும் கொஞ்சத்தைத் தின்றுவிடும், படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். கடையிலேயே 1/200ல் வெள்ளைச் சுவரை அடித்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சனல் விஷயத்தில்தான் நமது ஆட்கள் கவனக்குறைவாக இருக்கிறார்கள். ஒரே முறையை எல்லோரும் பாவிப்பதால், பெண்கள் பக்கம் படம் எடுக்கும் குழுவும் ஆண்கள் பக்கக் குழுவும் பெட்டியிலிருந்து எடுத்தபடியே முதலாம் சனலில் இருந்தால், இங்கே அழுத்த அங்கே எரியும். மேல் மாடியில் வேறு கலியாணம் நடந்தால் அதுவும் சேரும். 32 சனல் இருக்கிறது, புதிய மாதிரிகளில் அதற்கு மேலதிகமாக 01 முதல் 99 வரை அடையாள இலக்கமும் உண்டு. ஸ்டூடியோவுக்கென்று ஒரு இலக்கத்தை வைத்துப் பிளாஷில் ஒட்டிவிடுங்கள். இன்னொன்று: பிளாஷ் மிகக் கிட்ட இருக்கும்போது சிலவேளை எரியாமல் விடும். பழுது என்று கொண்டுவருவார்கள். தூர அமைப்பை 0-30 மீற்றருக்கு மாற்றினால் அநேகமாகச் சரிவரும்.

இறக்குமதி செய்ய நினைப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. இது விளையாட்டுச் சாமான் போலத் தெரிந்தாலும் ரேடியோ அலை பரப்பும் கருவி. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டமும் அதன் 1996 திருத்தமும் இதைத் தொடுகின்றன. இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். சாமான் துறைமுகத்துக்கு வந்த பிறகு ஓடித் திரிவதைவிட, ஓடர் கொடுக்குமுன் ஆணைக்குழுவில் விசாரிப்பது செலவு குறைந்த வழி. 2022 தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாவுக்கு ஏறியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். இந்த நிலையில் ஒரு கொள்கலன் மூலையில் மாட்டிக்கொண்டால் இலாபம் முழுவதும் அங்கேயே போய்விடும்.

உத்தரவாதத்தையும் கேட்டு வாங்குங்கள். ஏஜென்டின் உத்தரவாதமா, கடைக்காரரின் வாய்ப்பேச்சா என்பதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் பெட்டி உடைந்தால் ஆறு மணிக் கலியாணத்துக்கு அதே சாமான் கொழும்பில் கிடைக்குமா என்பது. எவ்வளவு உயர்ந்த சாமானாக இருந்தாலும், சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும் என்றால் கலியாணக்காரருக்கு அது உதவாது.

தம்பி மேலும் ஒரு பிளாஷ் வாங்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அதை விட்டுவிட்டு இரண்டாவது தலைப்பெட்டி ஒன்றை வாங்கச் சொன்னேன். மூன்று பிளாஷில் ஒன்று செத்தால் இரண்டோடு சமாளிக்கலாம், ஒரே தலைப்பெட்டி செத்தால் மூன்றும் செத்த மாதிரி. கடைசியில் மெனுவல் பிளாஷ் மூன்று, தலைப்பெட்டி இரண்டு, சார்ஜ் செய்யும் பற்றரி நான்கு செட் என்று முடிவானது. பணம் கொடுக்குமுன் பிளாஷை மேசையில் வைத்துவிட்டு, அவரைக் கெமராவோடு வீதி முனை வரை நடக்கவிட்டேன். நாட்டாமைமார் வண்டி இழுக்கும் நெரிசலில், நாலு கடை தள்ளி நின்று இருபது தடவை அழுத்தினார். இருபதும் எரிந்தது. பக்கத்துக் கடை ஹாஜியார், "என்ன நானா, கடைக்குள்ளே மின்னல் அடிக்குது?" என்று எட்டிப் பார்த்தார்.

போகும்போது தம்பி தட்டின் மேலிருந்த பழைய 34 செட் பெட்டியைப் பார்த்து, "இது என்ன விலை நானா?" என்று கேட்டார். அது விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.