ஜகாத் நாளும் கம்ப்யூட்டர் கணக்கும்



கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் தொழிற்பேட்டையிலும் வேலை பார்க்கும் இளைஞர்கள் ஜகாத் கணக்கை எக்செல்லிலோ பைத்தானிலோ எழுதி வைப்பது நல்ல பழக்கம். ஆனால் தேதிக் கணக்கில் கவனம் தேவை.

நிஸாப் அளவை எட்டிய பொருளுக்கு ஒரு சந்திர ஆண்டு நிறைவடையும்போது ஜகாத் கடமையாகிறது. சந்திர ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்கள். கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததோ ஆங்கில ஆண்டு. 365 நாட்களைக் கூட்டி அடுத்த ஜகாத் நாளைக் குறித்தால், ஒவ்வோர் ஆண்டும் சுமார் 11 நாட்கள் தள்ளிப்போகும். 32 ஆங்கில ஆண்டுகளில் ஏறக்குறைய 33 சந்திர ஆண்டுகள் முடிந்துவிடும். அதாவது, ஏழைகளுக்குச் சேர வேண்டிய ஓர் ஆண்டு ஜகாத் முழுதாக விடுபட்டிருக்கும். 5 லட்சம் சேமிப்புக்கு அது 12,500 ரூபாய். ஆங்கில ஆண்டுப்படி கணக்கு முடிக்கும் நிறுவனங்கள் 2.5-க்குப் பதில் 2.577 சதவீதம் கணக்கிடுவது இதனால்தான்.

பைத்தானின் 'டேட்டைம்' லைப்ரரியில் ஹிஜ்ரி கிடையாது. 'ஹிஜ்ரிடேட்' என்ற தனி லைப்ரரி உண்டு. ஜாவாவிலும் ஹிஜ்ரி வசதி இருக்கிறது. பயன்படுத்துவோர் மூன்று விஷயங்களை நினைவில் கொள்ளவும்.

1. இவை சவூதியின் உம்முல் குரா நாட்காட்டியைப் பின்பற்றுகின்றன. நமக்கோ பிறை அறிவிப்புதான் கணக்கு. 2025-இல் முதல் நோன்பு சவூதியில் மார்ச் 1. தமிழகத்தில் மார்ச் 2. ஆகவே ஒவ்வொரு மாதமும் உள்ளூர் பிறை அறிவிப்பைப் பார்த்துத் தேதியைத் திருத்திக்கொள்ளுங்கள்.

2. ஹிஜ்ரி நாள் மஃரிபில் தொடங்குகிறது. கம்ப்யூட்டர் நாள் நள்ளிரவில் மாறுகிறது. மாலை மஃரிபுக்குப் பின் நள்ளிரவுக்குள் வரும் தொகைக்கு ஹிஜ்ரி தேதியில் ஒரு நாள் கூட்ட வேண்டும்.

3. பல சர்வர்கள் உலகப் பொது நேரத்தில் பதிவு செய்கின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். இரவு ஷிஃப்டில் இருப்பவர் அதிகாலை 3 மணிக்கு அனுப்பும் தொகை, முந்தைய நாள் இரவு 9.30 என்று பதிவாகும். முதலில் இந்திய நேரத்துக்கு மாற்றி, பிறகு ஹிஜ்ரிக்கு மாற்றுங்கள்.

எளிய வழி: நிஸாபை எட்டிய ஹிஜ்ரி நாளையும் மாதத்தையும் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டுக்கு நாட்களைக் கூட்டாமல், ஹிஜ்ரி ஆண்டில் மட்டும் ஒன்றைக் கூட்டுங்கள். சந்தேகம் வந்தால் மஹல்லா ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

உரியவர்களின் ஹக்கை உரிய நேரத்தில் சேர்க்க அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக, ஆமீன்.