ஆமைக்கு ஒரு கட்டளை

செல்போனில் விளையாடாத பிள்ளை உண்டா? கொல்கத்தாவில் எந்தச் சந்துக்குள் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வாசல் திண்ணையில் நான்கு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு போன் இருக்கும். நான்கு தலையும் அதன் மேல் கவிழ்ந்திருக்கும். உள்ளே பந்து ஓடும். கார் ஓடும். அம்மா கூப்பிட்டால் காது கேட்காது.

அந்த விளையாட்டை யார் செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைக்குத் தெரியாது. போனுக்குள் தானாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். பெரியவர்கள் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம்.

தானாக எதுவும் வராது. ஒவ்வொரு விளையாட்டையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். ஆமாம், எழுதித்தான் இருக்கிறார். முதல் வரி, இரண்டாம் வரி என்று வரிவரியாக. நம் பிள்ளைகள் அதைப் பார்க்கிறார்கள். எழுதக் கற்றுக்கொள்ளவில்லை.

எங்கள் மையத்துக்குப் படிக்க வரும் ஓர் அக்கா வீட்டு வேலை செய்கிறார். ஒரு மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைத்து மகனைக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்த்தார். அங்கே பெயரை டைப் அடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். எழுத்தைப் பெரிதாக்க, கலர் மாற்றச் சொல்லிக் கொடுத்தார்கள். சான்றிதழும் கிடைத்தது. "டீச்சர், படிச்சு முடிச்சிட்டான். ஆனா மறுபடியும் அதே கேம்தான் ஆடுறான்" என்றார் அக்கா. அவருக்காகவும், அவரைப் போன்றவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால், விளையாட்டு எழுதச் சொல்லித்தரும் ஒரு மொழி காசில்லாமல் கிடைக்கிறது.

கம்ப்யூட்டருக்கும் மொழியா?

கம்ப்யூட்டரைத் தமிழில் கணிப்பொறி என்பார்கள். அது வேகமாகக் கணக்குப் போடும். ஆனால் சொந்தமாக யோசிக்காது. என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு படியாக நாம் சொல்ல வேண்டும். அப்படி வரிசையாக எழுதிய கட்டளைகளுக்கு நிரல் என்று பெயர். நிரல் எழுதுவதற்கென்று தனி மொழிகள் இருக்கின்றன.

இந்தியாவுக்கு முதன்முதலில் வந்த கம்ப்யூட்டர் எந்த ஊரில் இறங்கியது தெரியுமா? இந்தக் கொல்கத்தாவில்தான். மகாலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் கழகம் பரானகரில் இருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் கடைசியில் இங்கிலாந்திலிருந்து அங்கே அது வந்தது. அதற்கு ஹெச்.இ.சி. 2எம் என்று பெயர். 1956-இல் அதில் வேலை நடந்தது. பிறகு 1966-இல் அந்தக் கழகமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து இங்கேயே ஒரு கம்ப்யூட்டரைச் செய்தன. அந்தக் காலத்தில் அட்டையில் ஓட்டை போட்டுத்தான் கம்ப்யூட்டருக்குக் கட்டளை சொல்ல வேண்டும். பெரிய படிப்புப் படித்தவர்கள் மட்டுமே அதன் பக்கத்தில் போக முடியும்.

1964-இல் அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரி ஆசிரியர்கள் இருவர் இந்த நிலையை மாற்றினார்கள். ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்பவர்கள். எல்லா மாணவர்களும் கற்க ஏற்றபடி ஓர் எளிய மொழியைச் செய்தார்கள். அதன் பெயர் பேசிக். பல வருடங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்களைத் திறந்தாலே பேசிக் இருக்கும். பிறகு கம்ப்யூட்டர் பெரிதாக வளர்ந்தது. பேசிக் காணாமல் போயிற்று.

2006-இல் டேவிட் பிரின் என்ற அமெரிக்க எழுத்தாளர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் மகனின் கணக்குப் புத்தகத்தில் பேசிக் பயிற்சி இருந்ததாம். அதைப் போட்டுப் பார்க்க வீட்டில் இருந்த எந்தக் கம்ப்யூட்டரிலும் வசதி இல்லையாம். அந்தக் கட்டுரை விஜய் ராஜி என்ற பொறியாளரை யோசிக்க வைத்தது. இவர் புதுச்சேரியில் படித்தவர். அப்போது மைக்ரோசாஃப்ட் கம்பெனியில் வேலை பார்த்தார். பழைய பேசிக்கைச் சுருக்கி, பிள்ளைகளுக்கு ஏற்ற ஒரு சின்ன மொழி செய்தார். 2008-இல் அது வெளியானது. அதன் பெயர் ஸ்மால் பேசிக். ஸ்மால் என்றால் சிறியது. அதில் கற்க வேண்டிய அடிப்படைச் சொற்கள் 14 மட்டுமே. நாம் படித்த எழுத்துகளோ 247!

திரையில் ஓர் ஆமை

ஸ்மால் பேசிக்கில் ஓர் ஆமை இருக்கிறது. நாம் சொல்கிறபடி அது நடக்கும். நடக்கும்போது பின்னால் ஒரு கோடு விழும். இந்த யோசனை ஸ்மால் பேசிக்குக்கு முந்தியது. 1967-இல் சேமர் பேப்பர்ட் என்ற கணித அறிஞரும் அவருடைய நண்பர்களும் பிள்ளைகளுக்காக லோகோ என்ற மொழியைச் செய்தார்கள். பிறகு அதில் ஆமையும் சேர்ந்தது. முதலில் அது நிஜமாகவே தரையில் ஓடும் சக்கர வண்டி. வயிற்றில் பேனா இருக்கும். தரையில் தாளை விரித்தால் அதன் மேல் படம் வரையும்.

இப்போது நம் ஆமைக்குச் சதுரம் போடச் சொல்லுவோம். கட்டளையை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். படிக்கும்போது இப்படி இருக்கும்:

டர்ட்டில்.மூவ்(100)
டர்ட்டில்.டர்ன்(90)

டர்ட்டில் என்றால் ஆமை. மூவ் என்றால் நட. நூறு புள்ளி தூரம் நட என்பது முதல் வரி. வலது பக்கம் 90 டிகிரி திரும்பு என்பது இரண்டாம் வரி. இந்த இரண்டு வரியையும் நான்கு முறை எழுதினால் சதுரம் முடிந்தது. நான்கு முறை எழுதக் கை வலிக்கிறதா? "ஒன்றிலிருந்து நான்கு வரை இதையே செய்" என்று சொல்லவும் ஒரு கட்டளை உண்டு. நூறு முறை, ஆயிரம் முறை என்றாலும் கம்ப்யூட்டர் முகம் சுளிக்காது.

முக்கோணம் போட வேண்டுமா? இங்கேதான் எல்லாப் பிள்ளைகளும் தடுமாறுவார்கள். முக்கோணத்தின் மூலை 60 டிகிரி என்று பள்ளியில் படித்திருப்பார்கள். 60 என்று எழுதுவார்கள். ஆமை மூன்று கோடு போட்டுவிட்டு மூடாமல் பாதியில் நிற்கும். ஏன்? நாமே ஆமையாகி நடந்து பார்த்தால் விளங்கும். ஓர் இடத்தில் கிளம்பி, சுற்றி வந்து, முதலில் பார்த்த திசையையே பார்த்து நிற்கிறோம். மொத்தம் ஒரு முழுச் சுற்று திரும்பியிருக்கிறோம். முழுச் சுற்று 360 டிகிரி. மூன்று முனையில் திரும்பினால், முனைக்கு 120. நான்கு முனை என்றால் 90. ஆறு முனை என்றால் 60. ஓர் ஆசிரியர் ஒரு மாதம் பலகையில் எழுதுவதை ஆமை ஒரு மாலையில் புரிய வைத்துவிடும் என்பது என் எண்ணம்.

பந்து எப்படி ஓடுகிறது?

இனி விளையாட்டுக்கு வருவோம். மட்டையால் பந்தைத் தட்டும் விளையாட்டு ஒன்றை ஸ்மால் பேசிக்கின் பாடப் புத்தகத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

திரை முழுவதும் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு எண். இடது ஓரத்திலிருந்து எத்தனை, மேல் ஓரத்திலிருந்து எத்தனை. பந்து இப்போது 100, 50 என்ற இடத்தில் இருக்கிறது. அடுத்த நொடித்துளியில் அதை 103, 52-இல் வைக்கிறோம். அடுத்து 106, 54. படபடவென்று இடம் மாற்றி வைப்பதால் நம் கண்ணுக்கு ஓடுவதுபோல் தெரிகிறது. சினிமா ஓடுவதும் இந்த வித்தையில்தான்.

சுவரில் பட்டால் பந்து திரும்ப வேண்டும். வலது சுவர் 600 என்று வைத்துக்கொள்வோம். "இடம் 600-ஐத் தாண்டினால், கூட்டிய 3-ஐ இனிமேல் கழி." அவ்வளவுதான், பந்து திரும்பி வரும். மட்டைக்கும் இதே கதை. பந்து கீழே வரும்போது மட்டை அங்கே இருந்தால் மேலே அனுப்பு. ஒரு மதிப்பெண் கூட்டு. மட்டை இல்லாவிட்டால் ஆட்டம் முடிந்தது என்று எழுது.

கூட்டல், கழித்தல், 'இப்படியானால் அப்படிச் செய்'. பிள்ளையைக் கட்டிப்போடும் மாயத்துக்குள் இருப்பது இவைதான். இதை ஒரு தடவை எழுதிப் பார்த்த பிள்ளை மறுபடி போன் விளையாட்டைப் பார்க்கும்போது "இதை எப்படி எழுதியிருப்பாங்க?" என்று கேட்கும். அந்தக் கேள்வி வர வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை.

ஆங்கிலம் தெரியாவிட்டால்?

இது நியாயமான கேள்வி. ஸ்மால் பேசிக்கின் 14 சொல்லும் ஆங்கிலம். பதினான்கு சொல்லைப் படம் பார்த்து மனப்பாடம் செய்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் தாய்மொழியில் கற்பது தனிச் சுகம். அதற்கும் ஒருவர் வழி செய்திருக்கிறார். அமெரிக்காவில் வாழும் முத்து அண்ணாமலை 2007-இல் எழில் என்ற மொழியைச் செய்யத் தொடங்கினார். 2013-இல் அதை எல்லோருக்கும் திறந்து வைத்தார். இதற்கும் காசு இல்லை. திரையில் ஒன்றைக் காட்ட "பதிப்பி" என்று எழுத வேண்டும். திரும்பத் திரும்பச் செய்ய "வரை". முடிந்ததும் "முடி". இன்னொரு நல்ல விஷயம். ஆங்கில மொழிகளில் 'இஃப்' என்ற சொல் முன்னால் வரும். எழிலில் நிபந்தனையை முதலில் எழுதி, அதன் பின்னால் "ஆனால்" என்று எழுத வேண்டும். நாம் பேசுவதே அப்படித்தானே!

நம் வீட்டுப் பெண்களுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகிய பேராசிரியர்கள் 1970-களில் வாசல் கோலத்தை ஆராய்ந்தார்கள். சின்ன வடிவத்திலிருந்து பெரிய கோலம் விதிப்படி வளர்வதைக் கணிதமாக எழுதிக் காட்டினார்கள். பிறகு கனடாவில் பிரஷின்கீவிச் என்ற அறிஞர் அதே கோலத்தைத் திரை ஆமையை வைத்தே வரைந்தார். புள்ளி வைத்துக் கோலம் போடும் அம்மாவுக்கும், பூஜைக்கு ஆல்பனா வரையும் பக்கத்து வீட்டு மாசிமாவுக்கும் ஆமையின் வேலை புதிது அல்ல.

என்ன தேவை?

ஸ்மால் பேசிக்குக்கு விண்டோஸ் உள்ள கம்ப்யூட்டர் வேண்டும். புதிதாக வாங்க வேண்டாம். சாந்தினி சௌக் சந்தையில் கிடைக்கும் பழைய கம்ப்யூட்டர் போதும். வாங்கும் முன் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஸ்மால் பேசிக்கை ஒரு முறை இன்டர்நெட்டிலிருந்து ஏற்றிக்கொண்டால், பிறகு இன்டர்நெட் இல்லாமலே ஆமை நடக்கும். மொழியை விலைக்கு விற்கிறேன் என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள். சொல்லிக் கொடுக்கும் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது வேறு விஷயம். அங்கேயும் முதலில் கேளுங்கள்: "என் பிள்ளை சொந்தமாக நிரல் எழுதுமா?"

செய்து பாருங்கள்

கம்ப்யூட்டர் இல்லாமலே இன்று மாலை இதைச் செய்யலாம். மொட்டை மாடியில் ஒரு பிள்ளையை ஆமையாக நிறுத்துங்கள். கையில் சாக்குக்கட்டி கொடுங்கள். இன்னொரு பிள்ளை கட்டளை சொல்லட்டும். ஆமை சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். முதலில் சதுரம், பிறகு முக்கோணம். அடுத்து ஐந்து பக்கம் உள்ள வடிவம். 360-ஐ 5-ஆல் வகுத்தால் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று தெரியும்.

கடைசியில் ஐந்து முனை நட்சத்திரம். இதற்கு ஒவ்வொரு முனையிலும் 144 டிகிரி திரும்ப வேண்டும். ஐந்து 144-ஐக் கூட்டிப் பாருங்கள். ஆமை மொத்தம் எத்தனை முறை சுற்றியது?