வண்டி இழுக்கலையா? கிளட்ச் பிளேட் மாத்துறதுக்கு முன்னாடி வீட்டிலேயே இதை செக் பண்ணுங்க!

ஆழியாறைத் தாண்டி வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பின்னால் ஒருவர், டேங்க் மேல் ஒரு பை. பாதி வளைவுகூட தாண்டியிருக்க மாட்டோம், ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் மட்டும் அலறுகிறது, வண்டி நகர மறுக்கிறது. கூடவே ஏதோ கருகிய வாடை. "வண்டி இழுக்க மாட்டீங்குதுங்க" என்று ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் பெரும்பாலும் வரும் பதில், "கிளட்ச் பிளேட் போயிருச்சு".

உண்மையிலேயே போயிருக்கலாம். ஆனால் லீவர் டைட்டாக இருந்தாலும், தப்பான ஆயில் ஊற்றியிருந்தாலும் வண்டி இதே மாதிரிதான் நடந்துகொள்ளும். முதல் கோளாறைச் சரிசெய்ய பத்து நிமிஷமும் ஒரு ஸ்பேனரும் போதும். பிளேட் மாற்றுவதோ இன்ஜின் கவரைக் கழற்றி, கேஸ்கெட் மாற்றிச் செய்ய வேண்டிய வேலை. அதனால் எதை முதலில் பார்ப்பது என்பது காசு சம்பந்தப்பட்ட விஷயம்.

உள்ளே என்ன நடக்குது?

கியர் வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஆயிலில் ஊறிக்கொண்டே வேலை செய்யும் கிளட்ச். உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட், இரும்பு பிளேட் என மாறி மாறி அடுக்கி, ஸ்பிரிங் வைத்து இறுக்கியிருப்பார்கள். லீவரை விட்டால் ஸ்பிரிங் பிளேட்டுகளை அழுத்தும், இன்ஜின் சக்தி கியருக்குப் போகும். லீவரைப் பிடித்தால் பிளேட்டுகள் தளரும். அதாவது நாம் கிளட்ச்சைப் பிடிக்கும்போதுதான் உள்ளே பிடி விடுகிறது!

இதில் வரும் தொல்லை இரண்டு வகை. லீவரை விட்ட பிறகும் பிளேட்டுகள் முழுசாக ஒட்டாமல் வழுக்குவது ஒன்று. இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. லீவரைப் பிடித்தும் பிளேட்டுகள் பிரியாமல் இருப்பது இன்னொன்று. கியர் 'கடக்'கென்று விழும், நியூட்ரல் கிடைக்காது, கிளட்ச்சைப் பிடித்து நின்றாலும் வண்டி முன்னால் நகரப் பார்க்கும். இரண்டும் நேரெதிர். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றை மோசமாக்கிவிடும். அதனால் உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

வழுக்குகிறதா என்று பார்க்க, ஆளில்லாத சமதள ரோட்டில் டாப் கியரில் 40 கி.மீ. வேகத்தில் போய் ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்குங்கள். சத்தம் எகிறி வேகம் அப்படியே இருந்தால் வழுக்கல்தான். பிரியாத கிளட்ச்சைக் கண்டுபிடிக்க வண்டியை ஓட்டவே வேண்டாம். இன்ஜினை ஆஃப் செய்து, ஃபர்ஸ்ட் கியரில் போட்டு, கிளட்ச்சைப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். கொஞ்சம் கனத்தோடு உருள வேண்டும். ரொம்ப நாள் நிறுத்திய வண்டியில் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது சகஜம். இப்படியே முன்னும் பின்னும் நாலு தடவை ஆட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும்.

லீவரில்தான் விஷயமே இருக்கு

"கிளட்ச்சை நல்லா டைட் பண்ணிக் கொடுங்க" என்று நாமே கேட்டு வாங்குவதுண்டு. பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்கிறது. லீவரைப் பிடிக்கும்போது ஒயர் இழுபடுவதற்கு முன்னால், லீவரின் நுனி கொஞ்ச தூரம் சும்மா வர வேண்டும். இதைத்தான் ஃப்ரீ பிளே என்கிறார்கள். சாதாரண கம்யூட்டர் பைக்குகள் பலவற்றில் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை இருக்கும். ராயல் என்ஃபீல்டு போன்ற வண்டிகளில் அளவும், அளக்கும் இடமும் மாறும். வண்டியோடு வந்த புத்தகத்தில் இருப்பதுதான் கணக்கு.

இந்த இடைவெளி இல்லாவிட்டால், நீங்கள் லீவரைத் தொடாத நேரத்திலும் ஒயர் கிளட்ச்சைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும். பிளேட்டுகள் அரைகுறையாக உரசி, சூடாகி, கருகும். இன்னொன்றும் உண்டு. ஒயர் நீண்டால் ஃப்ரீ பிளே கூடும், பிளேட் தேய்ந்தால் குறையும். ஆறு மாதத்துக்கு முன்னால் சரியாக வைத்த லீவர் இன்றைக்கும் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது.

அளப்பதற்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூட ஸ்கேல் போதும். இன்ஜின் ஆறியிருக்கும்போது, ஆஃப் செய்து அளங்கள். கூட்டவோ குறைக்கவோ லீவர் பக்கத்திலேயே ஓர் அட்ஜஸ்டர் இருக்கும். ரப்பர் மூடியைத் தள்ளி, லாக் ரிங்கைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை உள்ளே திருகினால் ஃப்ரீ பிளே கூடும், வெளியே எடுத்தால் குறையும். அது பாதிக்கு மேல் வெளியே வந்திருந்தால் அங்கேயே மல்லுக்கட்ட வேண்டாம். முழுசாக உள்ளே திருகிவிட்டு, இன்ஜின் பக்கம் ஒயர் முடியும் இடத்தில் உள்ள இரண்டு நட்டை வைத்துச் சரிசெய்யுங்கள். கடைசியாக மேலே லேசாகத் திருத்தி, லாக் நட்டை இறுக்குங்கள்.

வேலை முடிந்ததும் ஹேண்டில்பாரை இடது, வலது இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஒடிக்கும்போது ஃப்ரீ பிளே காணாமல் போனால், ஒயர் எங்கோ மாட்டி இழுபடுகிறது. கொண்டை ஊசியில் திரும்பும்போது மட்டும் கிளட்ச் வழுக்கும் மர்மத்துக்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

லீவர் கல் மாதிரி கனமாக இருந்தால் பிளேட்டைக் குறை சொல்லாமல் ஒயரைப் பாருங்கள். லீவரில் மாட்டும் முனையில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் ஒயரை மாற்றிவிடுவதே நல்லது. இழை நன்றாக இருந்து வறண்டு மட்டும் போயிருந்தால், மேல்முனையைக் கழற்றி மெல்லிய ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் போதும்.

கார் ஆயில் ஊத்திட்டீங்களா?

வீட்டில் காருக்கு வாங்கிய ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று பைக்குக்கு ஊற்றுவது பலர் செய்யும் தப்பு. காரின் கிளட்ச் இன்ஜின் ஆயிலில் ஊறுவதில்லை. அதனால் கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள். அது மைலேஜுக்கு நல்லது, பைக் கிளட்ச்சுக்கு ஆகாது. கியர் பைக்குக்கு வாங்கும்போது டப்பாவில் 'ஜேசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று இருக்கிறதா பாருங்கள். 'எம்பி' என்றால் உராய்வு குறைந்த ரகம், கியர் இல்லாத ஸ்கூட்டருக்கானது. ஆயில் மாற்றிய வாரத்திலேயே வழுக்கல் ஆரம்பித்திருந்தால் முதல் சந்தேகம் ஆயில் மேல்தான் வர வேண்டும்.

எப்போ மெக்கானிக்கிட்ட போகணும்?

ஃப்ரீ பிளே சரி, ஆயிலும் சரி, இன்னும் வழுக்குகிறது என்றால் அது பிளேட் அல்லது ஸ்பிரிங். கலங்கலில் பிறந்த ஜி.டி.நாயுடு, இளம் வயதில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்குஅக்காகப் பிரித்துப் பூட்டிக் கற்றுக்கொண்டார் என்பது கோவையில் பலருக்கும் தெரிந்த கதை. ஆனால் வாரன்ட்டியில் இருக்கும் வண்டியில் அந்த வேலை வேண்டாமே!

ஒர்க்‌ஷாப்பில் கழற்றிய பழைய பிளேட்டைக் காட்டச் சொல்லுங்கள், கூச்சமே வேண்டாம். இரும்பு பிளேட் நீலம் பாய்ந்திருந்தாலோ வளைந்திருந்தாலோ அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஸ்பிரிங்கின் நீளத்தை அளந்தார்களா, புது பிளேட்டை ஆயிலில் ஊறவைத்துப் போடுகிறார்களா என்றும் பாருங்கள்.

பிளேட்டைக் கருக்குவதில் நம் கைக்கும் பங்கு உண்டு. அவினாசி ரோட்டில் பாலம் வந்த பிறகும் கீழே நெரிசலில் ஊர்ந்து போகிறவர்களுக்கு ஹாஃப் கிளட்ச் ஒரு பழக்கம். மலை ஏறும்போது வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட்டு, லீவரை முழுசாக விட்டு ஏறுங்கள். இறக்கம் இன்னும் முக்கியம். திம்பத்தின் 27 வளைவுகளில் பெட்ரோல் மிச்சம் என்று கிளட்ச்சைப் பிடித்தபடி உருண்டால், இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. மொத்தச் சுமையும் பிரேக்குக்குப் போகும், சூடேறிய பிரேக் கடைசி வளைவுகளில் ஏமாற்றிவிடலாம்.

வழியில் ஒயர் அறுந்துவிட்டால்? நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, வண்டியைத் தள்ளி உருட்டிக் கியர் போட்டு ஓட்டும் வித்தை சிலருக்குத் தெரியும். காலியான சமதள ரோட்டில் அது எப்படியோ நடக்கலாம். நெரிசலிலும் மலையிலும் அந்த விஷப்பரீட்சை வேண்டவே வேண்டாம், ஓரம் கட்டிவிடுங்கள். லாங் ரைடு போகிறவர்கள் சிலர் புது ஒயர் ஒன்றைப் பழைய ஒயரோடு சேர்த்தே டேப் போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள். அறுந்தால் இரண்டு முனையை மட்டும் மாற்றி மாட்டினால் போதும்.