சிப்பின் வேகத்தை முடிவு செய்யும் பாதை

ஒரு டிஜிட்டல் சிப் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அதிலுள்ள மிக மெதுவான பாதைதான் முடிவு செய்கிறது. வெரிலாக், விஎச்டிஎல் போன்ற மொழிகளில் பொறியாளர் எழுதித் தருவதை லாஜிக் கேட்டுகளின் இணைப்பாக மாற்றும் வேலைக்கு லாஜிக் சிந்தசிஸ் என்று பெயர். அதைச் செய்யும் மென்பொருளுக்கு ‘இத்தனை நேரத்துக்குள் முடிய வேண்டும்’ என்ற கெடுவையும் சேர்த்தே கொடுக்கிறார்கள்.

க்ளாக் துடிப்பின்போது ஒரு பிட்டைப் பிடித்து வைக்கும் ஃப்ளிப்-ஃப்ளாப் ஒன்றில் புறப்படும் சிக்னல் இடையிலுள்ள கேட்டுகளைக் கடந்து அடுத்த ஃப்ளிப்-ஃப்ளாப்பைச் சேரும் வழியே பாதை. 1 கிகாஹெர்ட்ஸ் சிப்பில் இதற்குக் கிடைப்பது 1 நானோசெகண்ட். சிக்னல் வெளிவர 0.10, அடுத்த க்ளாக் துடிப்புக்கு முன்பே வந்து நிலைகொள்ள 0.05 என்று வைத்துக்கொண்டால், கேட்டுகளுக்கு மிஞ்சுவது 0.85. அவை 0.95 எடுத்துக்கொண்டால் 0.10 பற்றாக்குறை. துறையில் இதை நெகட்டிவ் ஸ்லாக் என்பார்கள். மற்ற பாதைகள் எல்லாம் சரியாக இருந்தாலும் அந்தச் சிப் சுமார் 909 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடாது.

பற்றாக்குறையைப் போக்க முதலில் பார்க்க வேண்டியது கேட்டுகளின் அடுக்கு. 8 பிட்டுகளின் பாரிட்டியை, அதாவது அவற்றிலுள்ள 1களின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்பதைக் கணக்கிட, இரண்டு உள்ளீடு கொண்ட எக்ஸார் கேட்டுகள் 7 வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் முதல் பிட் 7 கேட்டுகளைத் தாண்ட வேண்டும். இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டே போனால் 3 போதும். கேட்டுகளின் எண்ணிக்கை கூடவில்லை, தாமதம் மட்டும் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இப்படி இலவசமாக வேகம் கிடைப்பது அபூர்வம்.

பெரும்பாலும் விலை உண்டு. ஒரு சிக்னல் மட்டும் தாமதமாக வருகிறதா? அது 0 ஆனால் என்ன விடை, 1 ஆனால் என்ன விடை என்று இரண்டையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்து, அது வந்ததும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கேரி-செலக்ட் கூட்டல் சுற்று இப்படித்தான் இயங்குகிறது. ஆனால் சுற்றின் ஒரு பகுதி இரட்டிப்பாகிவிடும். மற்றொரு வழியாகப் பெரிய கேட்டைப் போட்டால் அது அதிகச் சுமையை வேகமாக இயக்கும். அதற்கு முந்தைய கேட்டின் சுமையோ கூடும். ஆகவே எல்லாக் கேட்டுகளையும் பெரிதாக்குவது வீண்வேலை.

இவற்றை மென்பொருளே செய்துவிடும். ஆனால் பாதை கெடுவைவிட இருமடங்கு நீளமாக இருந்தால் அதனாலும் முடியாது. நடுவில் ஃப்ளிப்-ஃப்ளாப் வைத்துப் பைப்லைன் ஆக்குவது வடிவமைப்பாளரின் பொறுப்பு. 2000இல் வந்த பென்டியம் 4 ப்ராசஸர் இந்த வழியில் 20 கட்டங்கள் வரை போனது. பின்னர் வந்த பிரஸ்காட் வடிவத்தில் அது 31 ஆனது. அடுத்து எந்தக் கட்டளைக்குப் போக வேண்டும் என்ற கிளைக் கணிப்பு தவறும்போது வீணாகும் துடிப்புகளும் கூடவே அதிகரித்தன.

பாதை அளவுக்கு மீறிக் குறுகினாலும் ஆபத்து உண்டு. அடுத்த ஃப்ளிப்-ஃப்ளாப் பழைய மதிப்பைப் படித்து முடிப்பதற்குள் புதியது வந்துவிட்டால் அது ஹோல்ட் பிழை. நெகட்டிவ் ஸ்லாக் உள்ள சிப்பை வேகம் குறைத்தாவது ஓட்டலாம். ஹோல்ட் பிழையுள்ள சிப்புக்கு அந்த வழியும் கிடையாது.