ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார்

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் (பெப்ரவரி 1, 1895 - ஆகஸ்ட் 25, 1970) விவசாயியாக இருந்து அரசியலுக்கு வந்தவர். இந்தியா விடுதலை பெற்றபோது சென்னை மாகாணத்தின் ஆட்சித் தலைவராக இருந்தவர். ஓமந்தூரார் என்று பரவலாக அழைக்கப்படுகிறார். 1947 மார்ச் 23 முதல் 1949 ஏப்ரல் 6 வரை இவர் வகித்த பதவிக்கு அன்றைய பெயர் "பிரதமர்" (பிரீமியர்) என்பதாகும். முதலமைச்சர் என்ற பெயர் 1950இல் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் ஏற்பட்டது.

வாழ்க்கை

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் உள்ள ஓமந்தூரில், வேளாண் குடும்பத்தில் பிறந்தார். அக்காலத்தில் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியிலும், ஓமந்தூர் பிரித்தானியரின் தென்னார்க்காடு மாவட்டத்திலும் இருந்தன. பயிர்த்தொழில் செய்துகொண்டே காங்கிரசில் இணைந்து, விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். 1947இல் த. பிரகாசத்தின் அமைச்சரவை கவிழ்ந்தபோது, காமராசரின் ஆதரவுடன் சட்டமன்றக் காங்கிரசுத் தலைவரானார்.

ஜமீன் ஒழிப்பு

இவரது ஆட்சியில் இயற்றப்பட்டவற்றுள் உழவரை மிகுதியும் பாதித்தது 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் ஆகும். 1802ஆம் ஆண்டு நிலையான தீர்வைத் திட்டத்தின்படி ஜமீன்தார் அரசுக்குச் செலுத்தும் தொகை மாறாது. ஆனால் குடியானவர் ஜமீன்தாருக்குச் செலுத்திய வரி அண்டையிலிருந்த இரயத்துவாரி ஊர்களைவிடப் பல இடங்களில் அதிகமாக இருந்தது. திண்டுக்கல் சமவெளியின் அம்மையநாயக்கனூர் முதலிய பழைய பாளையங்களும் இவ்வாறு ஜமீன்களாக மாறியவையே. முதலில் 1947இல் வரிக் குறைப்புச் சட்டம் வந்தது. அடுத்து வந்த ஒழிப்புச் சட்டத்தின்படி, அரசு அறிவிக்கை செய்த ஜமீன்களின் ஏரி, காடு, தரிசு ஆகியவை அரசைச் சேர்ந்தன. குடியானவருக்கு நேரடிப் பட்டாவும் ஜமீன்தாருக்கு இழப்பீடும் வழங்கப்பட்டன. ஜமீன்தார் தம் சொந்தப் பண்ணை நிலத்துக்குப் பட்டா பெற்றுக்கொள்ள முடிந்தது. பட்டாதாரர்களிடம் வாரத்துக்குப் பயிரிட்டவர்களின் நிலையை இச்சட்டம் பெரிதாக மாற்றவில்லை என்பது இதன் குறையாகும்.

பிற நடவடிக்கைகள்

ஆலய நுழைவுச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் 1947இல் நிறைவேறின. அதே ஆண்டில் வகுப்புவாரி ஆணை திருத்தப்பட்டு, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்குத் தனி ஒதுக்கீடு கிடைத்தது. இதனால் சினமுற்றோர் இவரைத் "தாடியில்லாத ராமசாமி நாயக்கர்" என்று ஏளனம் செய்தனர். ஆயினும் 1948இல் பெரியாரின் கருஞ்சட்டைப் படையைத் தடைசெய்ததும் பள்ளிகளில் இந்தியைப் புகுத்தி எதிர்ப்பைச் சந்தித்ததும் இவரது அரசே.

பதவி விலகல்

கட்சிக்காரர்களின் பரிந்துரைகளுக்கு இணங்க மறுத்ததால் சட்டமன்ற உறுப்பினர் பலரின் வெறுப்பைத் தேடிக்கொண்டார். தொடக்கத்தில் ஆதரித்த காமராசரும் விலகினார். 1949இல் பூ. ச. குமாரசாமி ராஜா தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் ஓமந்தூரார் வடலூரில் தங்கி, வள்ளலார் வழியில் கல்வி, அறப்பணிகளில் ஈடுபட்டார். சென்னையில் அரசு பன்னோக்கு மருத்துவமனை அமைந்துள்ள அரசினர் தோட்டம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.