தாயின் உணவும் தாய்ப்பாலின் தன்மையும்

வறுமையின் கொடுமையைப் பாடிய சங்கப் புலவர்களுள் பெருந்தலைச் சாத்தனார் ஒருவர். குமணனை நோக்கி அவர் பாடிய புறநானூற்று 164ஆம் பாடலில், சமைத்தலை மறந்த அடுப்பும், பால் வற்றிய மார்பைச் சுவைத்து அழும் குழந்தையும், அதன் முகம் நோக்கிக் கண்ணீர் மல்கும் தாயும் நம் கண்முன் நிற்கின்றனர். தாயின் பெரும்பசி சேயின் பசியாகும் என்பதனை அப்புலவர் கண்டு உணர்ந்திருந்தார். பட்டினி என்னும் அவ்வெல்லைக்கு இப்பால், அன்றாடம் தாய் உண்ணும் உணவு பாலில் எதனை மாற்றுகிறது? எதனை மாற்றுவதில்லை? இவ்வினாக்களுக்கு இன்றைய அறிவியல் தரும் விடைகளை ஈண்டுக் காண்போம்.

மாறாதவை

தாய் உண்ட உணவு அப்படியே பாலாகிவிடுவதில்லை. மார்பிலுள்ள நுண்ணிய சுரப்பிப் பைகள் குருதியிலிருந்து மூலப்பொருள்களைப் பெற்றுப் பாலை ஆக்குகின்றன. 100 மில்லிலிட்டர் தாய்ப்பாலில் ஏறத்தாழ 7 கிராம் பாற்சர்க்கரையும், 1 கிராம் புரதமும், 3 முதல் 4 கிராம் கொழுப்பும் உள்ளன. பாற்சர்க்கரை, புரதம், சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து ஆகியவற்றின் அளவு தாயின் உணவால் மாறுவது மிகக் குறைவே.

பாலின் அளவை முதன்மையாக முடிவு செய்வது குழந்தை உறிஞ்சுவதேயாகும். குழந்தை சுவைக்குந்தோறும் புரோலாக்டின் என்னும் இயக்குநீர் சுரக்கிறது. மார்பு வெறுமையாகுந்தோறும் புதுப்பால் ஊறுகிறது. காம்பியா நாட்டுச் சிற்றூர்த் தாய்மார்க்குக் கூடுதல் உணவளித்து ஆராய்ந்து 1980இல் வெளியிடப்பட்ட ஆய்வும், அதனால் பாலின் அளவு கூடவில்லை என்றே கண்டது.

அங்ஙனமாயின் தாய் எதை உண்டாலும் ஒன்றே எனலாமோ? அன்று. பால் குறையாதிருப்பதற்குரிய விலையைத் தாயின் உடலே செலுத்துகிறது. நாள்தோறும் 200 முதல் 300 மில்லிகிராம் வரை சுண்ணாம்புச்சத்து பாலின் வழியே வெளியேறுகிறது. பாலூட்டும் மாதங்களில் தாயின் எலும்புத் தாதுவில் 3 முதல் 5 விழுக்காடு குறைகிறது. பால் மறந்தபின் அது பெரும்பாலும் மீள்கிறது. குழந்தை கொழுகொழுவென்றிருக்கத் தாய் மெலிந்து நிற்கும் காட்சியின் பொருளும் இதுவே.

மாறுபவை

சில சத்துகளோ தாயின் உணவில் குறைந்தால் பாலிலும் குறைகின்றன. அவற்றுள் தலையாயது பி1 வைட்டமின். நன்கு தீட்டிய அரிசியையே பெரிதும் உண்டு வாழும் தாயின் பாலில் இச்சத்து குன்றுகிறது. தாயிடம் நோயின் அறிகுறி வெளிப்படாத நிலையிலும், இரண்டு மூன்று மாதக் குழந்தையைப் பெரிபெரி நோய் தாக்கி, இதயம் தளர்ந்து உயிர் பிரியவும் கூடும். இந்நோயை ஆராய 1918இல் குன்னூரில் ஓரறையில் தொடங்கிய ஆய்வுப் பிரிவே, இன்று ஐதராபாத்தில் விளங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் ஊடுருவுகிறது. ஆதலின் புழுங்கலரிசி உண்பது இந்நோய்க்கு ஒரு காப்பாகும்.

அடுத்தது பி12. புலால், மீன், முட்டை, பால் ஆகிய உயிர்வழி உணவுகளிலேயே இஃது இயல்பாக உள்ளது. இச்சத்துக் குறைந்த தாய்மாரின் பாலுண்டு வளர்ந்த குழந்தைகள் வெளிறிச் சோர்ந்து, கற்ற அசைவுகளையும் இழக்கும் நிலையை வேலூர் மருத்துவர்கள் 1962இல் லான்செட் இதழில் விளக்கினர். ஏ வைட்டமினும் அயோடினும் இவ்வாறே தாயின் உணவைச் சார்ந்தவை. கொழுப்பின் அளவு பெரிதும் மாறாதெனினும் அதன் வகை மாறும். மூளை வளர்ச்சிக்கு உதவும் கொழுப்பு மீனுண்ணும் தாயின் பாலில் மிகுகிறது.

சுவையும் மாறுகிறது. தாய் பூண்டு உண்ட இரண்டு மணி நேரத்தில் பாலில் அதன் மணம் மிகுவதையும், குழந்தை முகம் சுளிக்காமல் நெடுநேரம் பால் பருகுவதையும் 1991இல் அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். வீட்டு உணவின் சுவையைக் குழந்தை பாலின் வழியாகவும் அறிகிறது.

பத்தியம்

பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பும் மீனும் அளிக்கும் நம் வழக்கம் போற்றத்தக்கது. பால் சுரக்கும் என்று அளிக்கப்படும் சுறாப்புட்டின் இடத்தை மட்டும் நெத்திலியும் மத்தியும் பெறுதல் நன்று. சுறா போன்ற பெருமீன்களில் பாதரசம் மிகுதி. ஆயின், குளிர்ச்சி என்று பழத்தையும் கீரையையும் விலக்குவதும், தாகத்திற்கும் தண்ணீர் மறுப்பதும் பத்தியம் ஆகா. மிகுதியாக நீர் பருகுவதால் பால் பெருகாது என்பது உண்மை. தாகம் தீரப் பருகுதல் தாயின் தேவை.

முதல் ஆறு மாதங்களில் தாய்க்கு நாள்தோறும் 600 கலோரியும் 17 கிராம் புரதமும் கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவு. கூடுதலாக ஒரு வேளை உணவும், ஒரு முட்டையும், ஒரு கிண்ணம் பருப்பும், ஒரு குவளைப் பாலும் இதனைப் பெரும்பாலும் நிறைவு செய்யும். புலால் உண்ணாத தாய்மார் பி12 குறித்து மருத்துவரை அணுகுதல் நலம்.

பால் சுரக்கிறது என்பதனாலேயே தாய் நிறைவாக உண்கிறாள் என்று கொள்ளுதல் பிழை. எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கம் பாலூட்டும் காலத்திலேனும் மாறவேண்டும். தாயின் தட்டை முதலில் நிறைக்கும் இல்லமே சேயை நன்கு வளர்க்கும் இல்லம் எனலாம்.