கடற்கரைக்குப் பேர் கொடுத்த ஏரிக்கரை!

ரியோ டி ஜெனிரோவின் கோபகபானா கடற்கரையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயர் ஓர் ஏரிக்கரையிலிருந்து போனது, தெரியுமா?

ஆண்டீஸ் மலைமேல், பெருவுக்கும் பொலிவியாவுக்கும் பொதுவாகக் கிடக்கிறது டிட்டிகாகா ஏரி. உயரம் 3,812 மீட்டர். தொட்டபெட்டா உச்சியில் நின்றாலும் அங்கிருந்து இன்னும் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும்! அதன் கரையில்தான் அசல் கோபகபானா. இன்கா வம்சத்துச் சிற்பி பிரான்சிஸ்கோ டிட்டோ யுபாங்கி செய்த மாதா சிலை 1583-இல் அங்கே வந்து சேர்ந்தது. அவர் முதலில் செய்த சிலையைக் கேலி பேசினார்களாம்! அதே மாதாவுக்கு ரியோவில் ஒரு சிற்றாலயம் எழும்ப, கடற்கரைக்கும் பேர் ஒட்டிக்கொண்டது. இன்றும் அந்த ஏரிக்கரைக் கோயில் வாசலில் வண்டிகளுக்குப் பூமாலை போட்டு, பீர் தெளித்து, ஆசி வாங்குகிறார்கள். எலுமிச்சம்பழம் ஒன்றுதான் குறை!

கடலே இல்லாத பொலிவியாவுக்குக் கடற்படை உண்டு, தெரியுமா? 1879-இல் மூண்ட போரில் கடற்கரையைச் சிலியிடம் பறிகொடுத்த நாடு அது. அதன் படகுகள் இந்த ஏரியிலும் மிதக்கின்றன!

இதே ஏரியில் வாழும் ஊரோஸ் மக்கள் தீவில் குடியேறவில்லை, தீவையே கட்டிக்கொண்டார்கள். டொட்டோரா என்னும் கோரையின் வேர்க்கட்டிகளைப் பிணைத்து, மேலே கோரையைப் பரப்பினால் தீவு ரெடி. அடியில் அழுக அழுக மேலே புதிது போட வேண்டும். வீடு, படகு எல்லாம் அதே கோரை. பசித்தால் அதன் வெள்ளைத் தண்டை உரித்துத் தின்னலாம்!

அந்தக் கைவேலை அட்லாண்டிக்கையே தாண்டியது. 1969-இல் நார்வே ஆய்வாளர் தோர் ஹெயர்டால், ஆப்பிரிக்காவின் சாட் ஏரிக்காரர்களை வைத்துக் கட்டிய ‘ரா’ படகு நடுக்கடலில் சிதைந்தது. மறு ஆண்டு டிட்டிகாகாவின் ஐமாரா கைவினைஞர்கள் நால்வர் கட்டிய ‘ரா 2’ மொராக்கோவிலிருந்து பார்படோஸ் போய்ச் சேர்ந்தது!

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது இந்த ஏரியிலுள்ள டாக்கீலே தீவு. அங்கே பின்னல் ஊசி ஆண்கள் கையில்! நடந்துகொண்டே, பேசிக்கொண்டே தொப்பி பின்னுகிறார்கள். தொப்பி முழுக்கச் சிவப்பா? ஆள் கல்யாணமானவர். மேல்பாதி வெள்ளையா? பெண் கொடுக்கலாம்! பெண்கள் தறியில் நெய்யும் அகலமான இடுப்புப் பட்டையிலோ ஆண்டின் பன்னிரண்டு மாதங்களும் சித்திரமாக ஓடும். 2005-இல் யுனெஸ்கோ இந்த நெசவைப் போற்றியது.

மாப்பிள்ளைத் தேர்வு ஒன்றும் சொல்கிறார்கள். பையன் பின்னிய தொப்பியைத் தலைகீழாகப் பிடித்து, வருங்கால மாமனார் அதில் தண்ணீர் ஊற்றுவாராம். ஒழுகினால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்!